கடல் கடந்து சில மாதங்கள்

கல்லூரியில் பயிலும் மகனையோ மகளையோ ஓரிரு மாத காலம் அயல்நாட்டுப் பல்கலைக் கழகம் ஒன்றுக்கு அனுப்பி வைக்கலாமா என்னும் கேள்வி, பெங்களூரில் குடியேறி வாழும் நம் தமிழ்க் குடும்பங்கள் பலவற்றில் இன்று எழுந்திருக்கிறது. முன்னாளில் சீமைப் படிப்பு என்றால் அது மூன்றாண்டு, ஐந்தாண்டுக் காரியம். பெருஞ் செல்வர் வீட்டுப் பிள்ளைகளுக்கும் உதவிச் சம்பளம் பெற்ற ஒரு சில மேதைகளுக்கும் மட்டுமே வாய்த்த பேறு. இன்றோ ஆறு வாரம், பத்து வாரம், ஒரு பருவம் என்று சுருங்கிய உருவில் அது நடுத்தரக் குடும்பத்தின் வாயிற்படிக்கே வந்து நிற்கிறது. வந்து நிற்பது கல்விதானா, அன்றிக் கல்வியின் வேடமிட்ட வாணிகமா என்பதைப் பெற்றோர் பிரித்தறிய வேண்டியிருக்கிறது.

ஸ்ரீராமபுரத்து அன்பர் ஒருவர் அண்மையில் ஒரு வண்ணப் பிரசுரத்தைக் கொணர்ந்து நம்மிடம் காட்டினார். பதினான்கு நாட்கள், மூன்று நாடுகள், ஐந்து பல்கலைக் கழகங்களின் தரிசனம், இறுதியில் ஒரு சான்றிதழ். கட்டணம் நாலரை லட்ச ரூபாய். அன்பர் ஆலையொன்றில் மேற்பார்வையாளராக இருந்து ஓய்வு பெற்றவர். சேமநிதியில் எஞ்சியிருந்த தொகையை எடுத்து மகளை அனுப்பலாமா என்று கேட்டார். நாம் வேண்டாம் என்றோம். ஆனால் அம்மகள் அயல்நாடு செல்லவே வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. இவ்விரண்டிற்கும் உள்ள வேற்றுமையை விளக்குவதற்கே இக்கட்டுரை. அதற்கான சான்றுகளைத் தேடித் தொலைதூரம் போக வேண்டியதில்லை. மல்லேசுவரத்தை அடுத்துள்ள இந்திய விஞ்ஞானக் கழகத்தின் மரநிழலிலேயே அவை கிடைக்கின்றன.

முதலில் சர். சி. வி. இராமனைப் பார்ப்போம். திருச்சிராப்பள்ளியை அடுத்த திருவானைக்காவில் 1888-இல் பிறந்து, 1933-இல் பெங்களூர் வந்து, 1970-இல் இந்நகரிலேயே கண்மூடிய அவரும் ஒருவகையில் நம்மைப் போல் குடிபெயர்ந்து வந்த தமிழர்தாம். சென்னை மாநிலக் கல்லூரியில் 1907-இல் எம்.ஏ. தேறிய போதே அவரை இங்கிலாந்துக்கு அனுப்ப ஆசிரியர்கள் விரும்பினர். மெலிந்த உடலையுடைய அவ்விளைஞரைச் சோதித்த சிவில் சர்ஜன், சீமைக் குளிர் இவருக்கு எமனாக முடியும் என்று தடுத்து விட்டார். ஆகவே இராமன் அரசாங்கக் கணக்கு உத்தியோகத்தில் அமர்ந்து கல்கத்தாவுக்குப் போனார். அயல்நாட்டில் பயின்று பட்டம் எதுவும் அவர் பெற்றதேயில்லை.

அவர் முதன்முதலாகக் கடல் கடந்தது 1921-இல், முப்பத்திரண்டாம் வயதில். ஆக்ஸ்போர்டு நகரில் கூடிய பிரிட்டிஷ் சாம்ராஜ்யப் பல்கலைக் கழகங்களின் மாநாட்டிற்குக் கல்கத்தாப் பல்கலைக் கழகத்தின் சார்பில் சென்றார். ஒரு கோடைக் காலத்திற்குள் அடங்கிவிட்ட பிரயாணம் அது. திரும்பும் வழியில், 'நார்க்குண்டா' என்ற கப்பலின் மேல்தளத்தில் நின்று, மத்தியதரைக் கடலின் ஆழ்ந்த நீலத்தைக் கண்டு வியந்தார். வியந்ததோடு நின்றிருந்தால் அவரும் நம் பிரசுரம் காட்டும் சுற்றுலாப் பயணிகளில் ஒருவராகவே இருந்திருப்பார். அவர் சட்டைப் பையில் நிக்கல் பட்டகம் என்னும் சிறு ஒளியியல் கருவி இருந்தது. வானத்தின் நீலம் கடலில் பிரதிபலிப்பதால்தான் கடல் நீலமாகத் தோன்றுகிறது என்பது ராலே பிரபு சொல்லியிருந்த விளக்கம். அப்பட்டகத்தைத் தக்க கோணத்தில் பிடித்துப் பிரதிபலித்த ஒளியை நீக்கிப் பார்த்த போதும் நீலம் குன்றவில்லை, கூடவே செய்தது. நீரின் மூலக்கூறுகளே ஒளியைச் சிதறச் செய்கின்றன என்று அவர் தெளிந்தார். கப்பல் பம்பாய்த் துறைமுகத்தை அடைந்த போது, செப்டம்பர் மாதத்தில், 'நேச்சர்' இதழுக்கு அவர் எழுதிய கடிதம் முடிந்திருந்தது. அந்தக் கடிதத்தில் தொடங்கிய ஒளிச்சிதறல் ஆராய்ச்சிதான், கே. எஸ். கிருஷ்ணன் உடன் உழைக்க, 1928 பிப்ரவரி 28-இல் இராமன் விளைவாகவும், 1930-இல் நோபெல் பரிசாகவும் கனிந்தது.

சில வாரப் பிரயாணம் ஒருவருக்கு என்ன தரும் என்று கேட்போருக்கு இதைவிடப் பெரிய விடை இல்லை. ஆயினும் இதைக் காட்டி நம் பிள்ளைகளை மிரட்டுவது நியாயமன்று. எல்லாரும் இராமன் ஆகிவிட முடியாது. மாணவப் பருவத்தினரின் கதையே நமக்கு அருகிலுள்ள கதை. அதற்கு இராமனின் ஆய்வுக் கூடத்திலிருந்து புறப்பட்ட ஒரு பெண்மணியை நாம் நினைவுகூர வேண்டும்.

அன்னா மணி 1918-ஆம் ஆண்டு ஆகஸ்டு 23-ஆம் நாள் திருவிதாங்கூரைச் சேர்ந்த பீர்மேட்டில் பிறந்தார். தந்தையார் என்ஜினீயர், ஏலத் தோட்டம் உடையவர். ஆண்மக்களுக்கு உயர்ந்த உத்தியோகம், பெண்மக்களுக்கு நல்லிடத்தில் திருமணம் என்பது அக்குடும்பத்தின் நடைமுறை. எட்டாம் பிறந்தநாளுக்கு வழக்கப்படி வைரத் தோடு தருவதாகச் சொன்ன போது, அது வேண்டாம், பிரிட்டானிக்கா கலைக்களஞ்சியம் வேண்டும் என்று கேட்டுப் பெற்றவர் இவர். சென்னையில் பயின்று 1939-இல் ஆனர்ஸ் பட்டம் பெற்று, 1940-இல் உதவிச் சம்பளத்துடன் பெங்களூர் விஞ்ஞானக் கழகத்தில் இராமனிடம் ஆராய்ச்சி மாணவியாகச் சேர்ந்தார். தோட்டை வேண்டாமென்ற சிறுமிக்கு ஆராய்ச்சிப் பொருளாக வாய்த்தவை வைரமும் மாணிக்கமும் என்பது வேடிக்கையான பொருத்தம். ஒளிப்படத் தகட்டில் ஒரு நிறமாலை பதிவதற்குப் பதினைந்து மணி நேரம், இருபது மணி நேரம் ஆகுமாதலால், பல இரவுகள் ஆய்வுக் கூடத்திலேயே துயின்றார்.

அக்கழகத்தில் அந்நாளில் பெண்கள் மிகச் சிலரே. அவருக்கு முன் 1933-இல் பம்பாயிலிருந்து வந்த கமலா பாகவத் என்னும் மாணவியைப் பெண் என்ற ஒரே காரணத்தால் சேர்க்க மறுத்தவர் அன்றைய இயக்குநரான இராமனே. அம்மாணவி விடாது போராடிச் சேர்ந்து, பின்னர் கேம்பிரிட்ஜ் சென்று, 1939-இல் டாக்டர் பட்டத்துடன் திரும்பினார். கமலா சோஹொனி என்று நாடு அறிந்தவர் அவரே. மேதைகளிடத்தும் இத்தகைய குறை இருந்ததுண்டு. அதை மறைத்துப் புகழ்வது நம் வழக்கமன்று. ஆய்வுக் கூடத்தில் ஆடவரும் பெண்டிரும் கலந்து பேசுவதையும் இராமன் விரும்பியதில்லை. கல்லூரிக் காலத்தில் ஒருவர் சக மாணவரோடு விவாதித்துக் கற்பதே பாதிக் கல்வி என்பர். அப்பாதி அன்னா மணிக்கு மறுக்கப்பட்டது.

இருந்தும் 1942-க்கும் 1945-க்கும் இடையே தாம் ஒருவராகவே ஐந்து ஆராய்ச்சிக் கட்டுரைகளை வெளியிட்டார். 1945 ஆகஸ்டில் சென்னைப் பல்கலைக் கழகத்திற்கு ஆய்வேட்டையும் அளித்தார். எம்.எஸ்ஸி. பட்டம் இல்லை என்று காரணம் காட்டி அவருக்கு டாக்டர் பட்டம் தரப்படவில்லை. அவ்வாய்வேடு இன்றும் பெங்களூரில் இராமன் ஆராய்ச்சி நிலையத்து நூலகத்தில் இருக்கிறது. பட்டம் பெற்ற பிற ஏடுகளுக்கும் அதற்கும் பார்வைக்கு வேற்றுமை ஒன்றும் இல்லை.

இந்த மனக்கசப்பு ஆறாத நேரத்தில்தான் அயல்நாட்டுப் பயிற்சிக்கான அரசாங்க உதவிச் சம்பளம் வந்தது. அன்னா மணி பௌதிகமே மேலும் பயில விரும்பினார். கிடைத்ததோ வானிலைக் கருவிகளில் பயிற்சி; அவ்வளவுதான் அப்போது காலியாக இருந்தது. இதே நிலையில் நம் பிள்ளைகள் என்ன செய்வார்கள், நாம்தான் என்ன அறிவுரை சொல்வோம் என்று எண்ணிப் பாருங்கள். 'கேட்டது கிடைக்கவில்லையா, அடுத்த ஆண்டு பார்த்துக்கொள்ளலாம்' என்போம். அவர் கிடைத்ததை ஏற்றுக்கொண்டு, 1945-இல், போர்வீரர்களை ஏற்றிச் செல்லும் கப்பலில் இங்கிலாந்துக்குப் புறப்பட்டார். உலகப் போர் அப்போதுதான் ஓய்ந்திருந்தது. குண்டு வீச்சில் சிதைந்த லண்டன்; உணவுக்கு ரேஷன். திருமணமாகாத இருபத்தேழு வயது இந்தியப் பெண் ஒருத்தி அந்நகரில் தனியே சென்று தங்குவது அந்நாளில் எளிய செய்தியன்று.

லண்டன் இம்பீரியல் கல்லூரியில் அவர் கற்றவை மேடையேறிப் பேசுவதற்கான பெரிய தத்துவங்கள் அல்ல. காற்றின் அழுத்தத்தை அளக்கும் கருவி, ஈரத்தை அளக்கும் கருவி, மழையை அளக்கும் கருவி ஆகியவற்றை எவ்வாறு அமைப்பது, ஒன்றோடொன்று எவ்வாறு ஒப்பிட்டுத் திருத்துவது, ஓரிடத்துக் கருவியும் மற்றோரிடத்துக் கருவியும் ஒரே அளவைக் காட்டுமாறு எவ்வாறு செய்வது என்பவையே அவர் பாடங்கள். கைத்தொழிலாளியின் பொறுமை வேண்டும் படிப்பு அது. வைரங்களோடு இரவெல்லாம் காத்திருந்த பழக்கம் இங்கே அவருக்குத் துணை நின்றிருக்கும் என்று நாம் ஊகிக்கிறோம்.

1948-இல் அவர் திரும்பி வந்த போது நாடு விடுதலை பெற்றிருந்தது. பூனாவில் இந்திய வானிலைத் துறையில் சேர்ந்தார். அதுவரை எளிய வானிலைக் கருவிகளைக்கூடப் பெரும்பாலும் வெளிநாட்டிலிருந்தே தருவித்து வந்தோம். எஸ். பி. வேங்கடேசுவரன் தலைமையில் அவற்றை இங்கேயே செய்யும் முயற்சி நடந்தது. அதில் அன்னா மணி பங்கேற்று, பின்பு தாமே கருவிப் பிரிவுக்குத் தலைமை தாங்கினார். அவருக்குக் கீழ் நூற்றுக்கு மேற்பட்ட ஆடவர் பணியாற்றினர். ஏறக்குறைய நூறு வகைக் கருவிகளுக்கு வரைபடங்களைச் சீர்செய்து, உள்நாட்டிலேயே உற்பத்தி செய்ய வழிவகுத்தார். தவறான அளவைக் காட்டிலும் அளக்காமலே இருப்பது மேல் என்பது அவர் கொள்கை. 1957–58-இல் கொண்டாடப்பட்ட அகில உலகப் பூபௌதிக ஆண்டை ஒட்டி, சூரிய வெப்பத்தை அளக்கும் நிலையங்களை நாடெங்கும் அமைத்தார். 1960-களில் விக்ரம் சாராபாயின் வேண்டுகோளின்படி தும்பா ராக்கெட் தளத்தில் வானிலைக் கோபுரம் எழுப்பினார். 1976-இல் துணைத் தலைமை இயக்குநராக ஓய்வு பெற்றபின் பெங்களூருக்கே மீண்டு இராமன் ஆராய்ச்சி நிலையத்தில் பணியாற்றியதோடு, காற்றின் வேகத்தையும் சூரிய ஒளியையும் அளக்கும் கருவிகளைச் செய்ய இந்நகரத்தில் ஒரு பட்டறையும் நிறுவினார். இந்தியச் சூரிய ஒளி அளவுகளைப் பற்றி 1980-இலும் 1981-இலும் அவர் வெளியிட்ட இரு நூல்கள், சூரிய மின்சாரத்தைப் பற்றி நாடு கவலைப்படத் தொடங்கு முன்பே அதற்கு வேண்டிய கணக்கைத் தயாராக வைத்தன. 2001-இல் திருவனந்தபுரத்தில் காலமானார்.

ஏறக்குறைய மூன்று ஆண்டு அயல்நாட்டு வாழ்க்கை. கையில் டாக்டர் பட்டம் ஒன்றும் இல்லை. அவர் கொணர்ந்தது ஒரு வேலைத் திறன். அத்திறனுக்கு இங்கே காத்திருந்தது ஒரு தேவை. ஸ்ரீராமபுரத்து அன்பரிடம் நாம் கேட்ட கேள்வியும் இதுவே: 'பதினான்காம் நாள் மாலையில், புறப்பட்ட அன்று செய்யத் தெரியாதிருந்த எதை உங்கள் மகள் செய்யத் தெரிந்திருப்பாள்?' பிரசுரத்தைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தோம். விடை இல்லை. படகுச் சவாரி இருந்தது.

விடை தரக்கூடிய ஏற்பாடுகளும் இன்று உள்ளன. அவற்றுள் சில பெற்றோரின் சேமநிதியைத் தொடுவதே இல்லை. ஜெர்மன் கல்விப் பரிமாற்ற நிலையமான 'டாட்', இந்திய விஞ்ஞான, பொறியியல் மாணவர்களுக்கென 'வைஸ்' என்ற பெயரில் ஓர் உதவிச் சம்பளம் வைத்து நடத்தி வந்திருக்கிறது. கோடையில் இரண்டு மூன்று மாதம் அந்நாட்டுப் பேராசிரியர் ஒருவரின் ஆய்வுக் கூடத்தில் வேலை செய்ய வேண்டும். மாதச் சம்பளமும் பிரயாணச் செலவுக்கு உதவியும் உண்டு. கனடாவின் 'மிட்டாக்ஸ்' நிறுவனம் பன்னிரண்டு வாரத்திற்கு இதுபோன்ற ஏற்பாட்டைச் செய்கிறது. அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக் கழகத்தில், அங்கே பணியாற்றி 1968-இல் நோபெல் பரிசு பெற்ற ஹர் கோவிந்த் குரானாவின் பெயரால், 2007-இல் இந்திய மாணவர்களுக்கான ஒரு திட்டம் தொடங்கப்பட்டது. ஜப்பான் 2014 முதல் 'சகுரா' என்ற பெயரில் இளைஞர்களைச் சில வாரங்களுக்கு அழைத்து வருகிறது. இவற்றுள் எதிலும் வண்ணப் பிரசுரத்தோடு வீடு தேடி வருவார் இலர். மாணவரே முந்திக்கொண்டு கேட்டு எழுத வேண்டும்.

எழுதுவது என்பதில்தான் நம் பிள்ளைகள் தடுக்கி விழுகின்றனர். வைஸ் போன்ற திட்டத்திற்கு, ஏற்றுக்கொள்ளும் பேராசிரியரிடமிருந்து அழைப்புக் கடிதம் வேண்டும். ஒரே கடிதத்தை நகலெடுத்து இருநூறு பேராசிரியர்களுக்கு அனுப்பிவிட்டு, விடை வரவில்லை என்று சோர்ந்து போகும் பிள்ளைகளை நாம் அறிவோம். 'மாண்பு மிக்க ஐயா, தங்கள் ஆராய்ச்சியால் பெரிதும் ஈர்க்கப்பட்டேன்' என்று தொடங்கும் கடிதம், எந்த ஆராய்ச்சியால் என்று சொல்லாவிடில், குப்பைக்கூடைக்குரியதே. ஐந்து பேரைத் தேர்ந்து, அவர்கள் எழுதிய கட்டுரை ஒன்றையேனும் படித்து, அதில் ஐயம் ஒன்றை எழுப்பிக் கடிதம் எழுதுவது நலம். இந்தக் காரியத்திற்குப் பணம் வேண்டா, செல்வாக்கு வேண்டா. இரண்டு மாத மாலைப் பொழுதுகள் வேண்டும்.

இன்னொன்றையும் மனம் நொந்தே சொல்ல வேண்டியிருக்கிறது. இத்தகைய உதவிகளிற் சில, பெயர் பெற்ற குறிப்பிட்ட கல்வி நிலையங்களின் மாணவர்க்கே உரியவை. நம் பிள்ளைகளிற் பலர் பயிலும் சாதாரணக் கல்லூரி அப்பட்டியலில் இராது. தமிழ்நாடு அரசு 2022-இல் தொடங்கிய 'நான் முதல்வன்' திட்டத்தின் வழியாக 2024-ஆம் ஆண்டில் மாணவர் சிலர் இங்கிலாந்தின் டர்ஹாம் பல்கலைக் கழகத்திற்குக் குறுகிய காலப் பயிற்சிக்கு அனுப்பப்பட்டனர். பாராட்டத்தக்க செயல். ஆனால் அது தமிழ்நாட்டில் பயில்வோருக்கு உரியது. ஓசூரைத் தாண்டி இப்புறம் குடியிருக்கும் நம் பிள்ளைக்கு எட்டாது. பாட்டனார் கோலார் தங்கவயலில் சுரங்கத்திலும் பின்னி ஆலையில் தறியிலும் உழைத்த குடும்பங்கள் இவை. மூன்று தலைமுறையாக இங்கே வேரூன்றியும், உதவி என்று வரும்போது இரு எல்லைகளுக்கும் நடுவில் நிற்கிறோம். நம் சங்கம், ஆண்டுக்கு ஒரு மாணவருக்கேனும் விமானக் கட்டணம் தருவதற்கு ஒரு நிதி திரட்டினால் என்ன? விழாச் செலவில் பந்தலின் உயரத்தைச் சற்றுக் குறைத்தாலே பாதித் தொகை கிட்டும் என்பது நம் மதிப்பீடு. இதைச் சங்கத்தார் வரும் பொதுக்குழுவில் எடுத்துக்கொள்ள வேண்டுமென்று வெளிப்படையாகவே கேட்டுக்கொள்கிறோம்.

பெண்பிள்ளையைத் தனியே அனுப்புவதா என்ற தயக்கம் இன்னும் நம் வீடுகளில் அகலவில்லை. தாய்மாரின் அச்சத்தை நாம் எள்ளி நகையாட மாட்டோம். ஆனால் தமையனுக்கு ஒரு நீதி, தங்கைக்கு ஒரு நீதி என்பதை ஏற்க முடியாது. யார் சென்றாலும் கேட்க வேண்டிய கேள்விகள் ஒன்றே. தங்குமிடம் பல்கலைக் கழக விடுதியா, வெளி வீடா? ஆய்வுக் கூடத்திலிருந்து இரவில் திரும்ப வண்டி உண்டா? உடல் நலம் கெட்டால் யாரிடம் போவது? அப்பேராசிரியரிடம் முன்பு சென்று வந்த இந்திய மாணவர் யார்? கடைசிக் கேள்வியே மிக முக்கியமானது. முன்பு சென்று வந்தவரிடம் அரைமணி நேரம் பேசினால், பத்துப் பிரசுரம் சொல்லாததைச் சொல்லிவிடுவார்.

பிள்ளையின் பெட்டியில் ஊறுகாயும் பருப்புப் பொடியும் வைக்கத் தாய்மார் மறப்பதில்லை. அதனோடு ஓரளவு மொழியும் போக வேண்டும். இந்திராநகர் சி.எம்.எச். சாலையில் ஜெர்மன் மொழி கற்பிக்கும் மாக்ஸ் முல்லர் பவனும், வசந்த நகரில் பிரெஞ்சு கற்பிக்கும் அல்லயான்ஸ் பிரான்சேஸும் உள்ளன. ஆய்வுக் கூடத்தில் ஆங்கிலம் போதும். கடைக்காரரிடமும் பேருந்து ஓட்டுநரிடமும் போதாது. வீட்டில் தமிழும் தெருவில் கன்னடமும் கல்லூரியில் ஆங்கிலமுமாக வளர்ந்த நம் பிள்ளைகளுக்கு நான்காவது மொழி சுமையன்று. இது ஓரிடத்திலேயே பிறந்து வளர்ந்தவருக்கு இல்லாத நம்முடைய கொடுப்பினை.

கல்லூரியில் வருகைப் பதிவும் தேர்வும் என்னாகும் என்பதையும் புறப்படு முன்னரே எழுத்தில் கேட்டுப் பெற வேண்டும். 2021-இல் பல்கலைக் கழக மானியக் குழு ஏற்படுத்திய கல்வி மதிப்பெண் வங்கி, ஒரு நிறுவனத்தில் ஈட்டிய மதிப்பை மற்றொன்றில் சேர்க்க வழி செய்கிறது. ஆயினும் அயல்நாட்டில் செய்த வேலை தானாக அதில் வந்து சேர்ந்துவிடாது. துறைத் தலைவரின் ஒப்புதல் கடிதம் கையில் இல்லாமல் விமானம் ஏறியவர், திரும்பி வந்தபின் ஒரு பருவத்தை இழக்க நேரலாம்.

காலக் கணக்கும் பெற்றோர் அறிய வேண்டியது. கோடைப் பயிற்சிகளுக்கு விண்ணப்பம் பெரும்பாலும் அதற்கு முந்திய ஆண்டின் பிற்பகுதியிலேயே கேட்கப்படும். ஆகையால் விநாயக சதுர்த்திக்குள் பேராசிரியர்களுக்குக் கடிதம் எழுதத் தொடங்கி, தீபாவளிக்குள் அழைப்பைப் பெற்றுவிடுவது நன்று. பாஸ்போர்ட்டு இல்லாதவர் போலீஸ் விசாரணைக்கு வேண்டிய நாட்களையும் சேர்த்துக் கணக்கிட வேண்டும். ஜெர்மனி, பிரான்சு முதலிய ஷெங்கன் நாடுகளுக்குக் குறுகிய கால விசா என்பது 180 நாட்களுக்குள் 90 நாட்கள் மட்டும் தங்க இடம் தருவது. புறப்படுவதற்கு ஆறு மாதம் முன்னதாகவே அதற்கு மனுச் செய்யலாம், பதினைந்து நாட்களுக்குக் குறைவாக விடக்கூடாது. 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவ இன்ஷூரன்சும் கட்டாயம். மூன்று மாதத்திற்கு ஒரு நாள் கூடினாலும் விசாவின் வகையே மாறிவிடும். அதற்கு வேண்டிய காலமும் கூடுதலாகும். எனவே பயிற்சி எத்தனை நாள் என்பதை அழைப்புக் கடிதத்திலேயே தெளிவாகக் குறிப்பிடுமாறு பேராசிரியரை முன்கூட்டியே கேட்டுக்கொள்க.